போலந்து எப்பவுமே 'ஒரே ரத்தம்' இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல போலந்து பத்தி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. 123 வருஷம் நாடே இல்லாம இருந்தும் அழியாத இனம்னு தலைப்பு. தலைப்போட எனக்கு சண்டை இல்ல. உள்ள ஒரு வரி இருந்துச்சு பாருங்க, "ஒரே மொழி, ஒரே மதம், ஒரே ரத்தம், அதனாலதான் தாக்குப் பிடிச்சாங்க"ன்னு, அங்கதான் காபி டம்ளர கீழ வச்சுட்டு வீட்டம்மாவக் கூப்பிட்டு சத்தமா படிச்சுக் காட்டுனேன். அவங்க கேட்டுட்டு, "நம்ம வீட்டுக்காரப் பாட்டி சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கே"ன்னாங்க (போலந்துல நாங்க வாடகைக்கு இருந்த வீட்டோட பாட்டியச் சொல்றாங்க). அதான் எழுதுறேன். நீளமா போகும், எடம் இல்லன்னா வெட்டிக்கங்க, ஆனா கடைசில உங்க மேப் பத்தி சொல்லியிருக்கேன், அத மட்டும் வெட்டிராதீங்க.

நான் போலந்துல வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துல ஆறு வருஷம் வேல பாத்தவன். வரலாறு படிச்சவன் இல்ல, கம்ப்யூட்டர் வேலதான். ஆனா அந்த ஊர்ல இருந்துட்டு வரலாற கண்டுக்காம இருக்கவே முடியாது, அது அப்படிப்பட்ட ஊரு. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

1772, 1793, 1795ன்னு மூணு தடவையா ரஷ்யா, பிரஷ்யா (ஜெர்மன் ராஜ்யம்), ஆஸ்திரியா மூணு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க (1793ல மட்டும் ஆஸ்திரியா இல்ல), 1918 நவம்பர்லதான் திரும்ப நாடு வந்துச்சு, இது வரைக்கும் கட்டுரை சரி. ஆனா பங்கு போட்டது எத? இன்னைக்கு நாம நெனைக்கிற போலந்த இல்ல. போலந்தும் லித்துவேனியாவும் சேந்த ஒரு பெரிய கூட்டு நாடு அது. போலிஷ், லித்துவேனியன், ருத்தேனியன் (இன்னைக்கு உக்ரைன், பெலாரஸ்ல பேசுற மொழிகளோட மூதாதைன்னு வச்சுக்கங்க), ஜெர்மன், இத்திஷ் (அங்க யூதங்க பேசுன மொழி) எல்லாம் பேசுனவங்க அதுக்குள்ள இருந்தாங்க. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ்காரர், யூதர், தாத்தார் முஸ்லிம் வரைக்கும் இருந்தாங்க. அதுல 'தேசம்'னு சொன்னா யாரு? ஷ்லாக்தான்னு ஒரு பிரபு வர்க்கம், மொத்த ஜனத்துல பத்துல ஒண்ணுக்கும் கொறச்சல், ராஜாவ ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது அவங்க, பார்லிமெண்ட்ல உக்காந்தது அவங்க, தேசம்னாலும் அவங்கதான். அவன் வீட்ல ருத்தேனியன் பேசலாம், ஆர்த்தடாக்ஸ் கோயிலுக்குப் போலாம், இருந்தாலும் போலந்து தேசத்தச் சேந்தவன்தான். அவன் நெலத்துல உழுறவன் தாய்ப்பால்ல இருந்து போலிஷ் பேசுனாலும் கணக்குல வரமாட்டான். அப்ப 'ஒரே மொழி' எங்க வந்துச்சு சொல்லுங்க?

அந்த உழுறவன் கதைதான் எனக்கு இதுல முக்கியமா படுது, உங்க கட்டுரையில அவன் ஒரு வரிகூட வரல.

1794ல தளபதி கொஷ்சியுஷ்கோ ரஷ்யாவ எதிர்த்து எந்திரிச்சப்ப, ரட்ஸ்வாவிட்செங்கிற ஊர்ல குடியானவங்க புல்லறுக்குற நீட்டு அரிவாள நிமித்திக் கட்டிக்கிட்டு ஓடிப்போய் ரஷ்ய பீரங்கியப் புடிச்சாங்க. ஸ்கூல் புக்ல, சுவத்துல, சிலையில எல்லா எடத்துலயும் அந்தக் காட்சிதான். சரி, பெருமைதான். ஆனா அதுக்கு 52 வருஷம் கழிச்சு நடந்தத யாரும் சுவத்துல வரையறதில்ல. 1846 பிப்ரவரில ஆஸ்திரியா பங்குல இருந்த பண்ணையார்கள் போலந்துக்காக கிளர்ச்சி பண்ணக் கெளம்புனாங்க, தார்னூஃப் சுத்துப்பட்டு குடியானவங்க என்ன பண்ணாங்கன்னா, கிளம்புன பண்ணையார்களையே அடிச்சுக் கொன்னு வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் தார்னூஃப்ல ஆஸ்திரிய அதிகாரிகிட்ட இறக்குனாங்க. யாகூப் ஷேலான்னு ஒரு குடியானவன் அதுல தலைவன் மாதிரி. செத்தவங்க ஆயிரம் பேர் வரைக்கும் இருக்கும்னு கணக்கு சொல்றாங்க. கொன்னவனும் போலிஷ்தான் பேசுனான், செத்தவனும் போலிஷ்தான் பேசுனான், ரெண்டு பேரும் ஒரே கத்தோலிக்க சர்ச்சுக்குத்தான் போனாங்க. ஆஸ்திரியாக்காரன் தூண்டிவிட்டான்னு சொல்லுவாங்க, அவன் சும்மா வேடிக்கை மட்டும் பாத்தான்னு நானும் சொல்ல வரல, ஆனா தலைமுறை தலைமுறையா வாரத்துல பாதி நாள் பண்ணையில கூலியில்லாம வெட்டி வேல பாத்தவன்கிட்ட போய் "வா, நம்ம நாட்ட மீட்போம்"னா அவன் யாரோட நாடுன்னு கேக்க மாட்டானா? அவனுக்கு 'போலந்துக்காரன்'னா பண்ணையார்னு அர்த்தம். நாங்க ஆஸ்திரிய சக்கரவர்த்தியோட ஆளுங்கன்னுதான் அவன் சொல்லிக்கிட்டான்.

இதுல இன்னொரு கசப்பு இருக்கு. குடியானவனுக்கு நெலம் அவன் பேர்ல வந்தது யாரால? ஆஸ்திரியா பக்கம் 1848ல, சக்கரவர்த்தி பேர சொல்லி. ரஷ்யா பக்கம் 1863ல கிளர்ச்சிக்காரங்க நெலம் உனக்குத்தான்னு அறிவிச்சாங்க, கிளர்ச்சி தோத்துச்சு, 1864ல ஜார் அதையே சட்டமாப் போட்டு நல்ல பேர அவன் தட்டிக்கிட்டான். கிராமத்துல வயசானவங்க ரொம்ப நாள் பயந்தாங்களாம், போலந்து திரும்ப வந்தா பண்ணை வேலையும் திரும்ப வந்துருமோன்னு. ஜிக்கூஃப்னு ஒரு கிராமத்துல நாப்பது வருஷம் கிட்ட ஊர்த்தலைவரா இருந்த யான் ஸ்வோம்கான்னு ஒருத்தர், 1842ல பொறந்தவர், புக்கும் பேப்பரும் படிக்க ஆரம்பிக்கிற வரைக்கும் நான் போலந்துக்காரன்னே எனக்குத் தெரியாதுன்னு தன் நினைவுக் குறிப்புல எழுதி வச்சிருக்கார். சார், இத பேப்பர் நடத்துற நீங்க ஒரு தடவ நின்னு படிக்கணும். ரத்தத்துல இருந்திருந்தா பேப்பர் படிச்சா தெரியணும்?

அப்ப எப்பதான் குடியானவன் போலந்துக்காரன் ஆனான்? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பாதிய பண்ணுனது பிரஷ்யாக்காரன்தான், அவனுக்கே தெரியாம. பிஸ்மார்க் காலத்துல இருந்து ஸ்கூல்ல போலிஷ ஒவ்வொரு பாடமா புடுங்குனாங்க, கடைசில மிச்சம் இருந்தது மத வகுப்பு. 1901ல வ்ஜெஷ்னியாங்கிற சின்ன ஊர்ல அதையும் ஜெர்மன்ல மாத்துனாங்க. பிள்ளைங்க வாயத் தெறக்கல. வாத்தியாருங்க பெரம்பெடுத்து அடிச்சாங்க, வெளிய பெத்தவங்க கூடிட்டாங்க, சத்தம் போட்ட பெத்தவங்களப் புடிச்சு கோர்ட்டுல நிறுத்தி ஜெயில்ல போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்தப் பெத்தவங்க கூலிக்காரங்க, கைத்தொழில் பண்றவங்க, எந்தக் காலத்துலயும் 'தேசம்'ங்கிற கணக்குல வராதவங்க. தன் புள்ள எந்த மொழியில சாமி கும்பிடணும்னு ஒரு சர்க்கார் பெரம்ப எடுத்து சொன்ன அன்னைக்கு அவங்க போலந்துக்காரங்க ஆயிட்டாங்க.

ஜிமாவா கதையும் இதே மாதிரிதான், ஆனா சிரிப்பு வரும். மிஹாவ் ஜிமாவான்னு ஒரு குடியானவர், கொஞ்சம் நெலம் வாங்குனார், 1904 சட்டப்படி அதுல வீடு கட்ட பிரஷ்ய சர்க்கார் பர்மிஷன் குடுக்கல. இவர் என்ன பண்ணார், சர்க்கஸ்காரங்க வச்சிருக்குற மாதிரி ஒரு வண்டிய வாங்கி நெலத்துல நிறுத்தி அதுக்குள்ள குடும்பத்தோட குடியேறிட்டார். ஒரே எடத்துல நின்னா அது வீடு, சட்டத்துல மாட்டும், அதனால தெனம் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நிறுத்துவார். இந்த வண்டி கதை வருஷக்கணக்கா போச்சு, மூணு பங்குலயும் பேப்பர்ல வந்துச்சு, வெளிநாட்டுலயும் சிரிச்சாங்க. வாளும் குதிரையும் வச்சிருந்த பிரபு இருந்த எடத்துல இப்ப வண்டி தள்ளுற ஒரு குடியானவன் ஹீரோ. ரஷ்யா பக்கம் வார்சாவுல பொம்பளப் புள்ளைங்களுக்கு ரகசியமா வீடு வீடா மாத்தி மாத்தி ஒரு யுனிவர்சிட்டி நடந்துச்சு, 'பறக்கும் யுனிவர்சிட்டி'ம்பாங்க, மேரி க்யூரி அதுல படிச்சவங்கதான், 1898ல கண்டுபிடிச்ச தனிமத்துக்கு வரைபடத்துலயே இல்லாத நாட்டோட பேர வச்சு பொலோனியம்னாங்களே அதே அம்மா.

இப்ப திரும்ப தார்னூஃபுக்கு வாங்க. அதே தார்னூஃப்ல இருந்து கொஞ்ச தூரத்துல வியெஜ்ஹோஸ்வாவிட்சென்னு ஒரு கிராமம் (இந்தப் பேர தமிழ்ல எழுதுறதே ஒரு தண்டனை), அங்க பொறந்த ஏழைக் குடியானவர் வின்செந்தி விதோஸ். 1920 ஜூலையில ரஷ்ய செம்படை வார்சாவ நோக்கி வந்துக்கிட்டு இருக்கு, பிரதமரா யாரப் போட்டாங்க தெரியுமா, இவரத்தான். குடியானவன் சொன்னாத்தான் குடியானவன் பட்டாளத்துல சேருவான்னு. 1846ல பண்ணையார வண்டியில ஏத்துன அதே மண்ணு, 74 வருஷத்துல நாட்டக் காப்பாத்த வாங்கன்னு கூப்புடுற பிரதமர அனுப்புது. ஆகஸ்ட்ல வார்சா தப்பிச்சுது. எனக்கு போலந்து வரலாறுல இதவிட பெரிய சங்கதி எதுவும் தெரியல, அப்ப படைத்தலைவரா இருந்த பில்சுத்ஸ்கியோட சிலைய விட பெருசு.

சரி, ரத்தம். இதுக்கு வருவோம். ஷெப்திட்ஸ்கின்னு ஒரு குடும்பம், ஒரு அண்ணன் ஆந்த்ரெய் உக்ரைன் கிரேக்க கத்தோலிக்க சபைக்கே தலைவர், உக்ரைன்காரங்க அவர தலைல வச்சுக் கொண்டாடுவாங்க, கூடப் பொறந்த தம்பி ஸ்தானிஸ்வாஃப் போலந்து ராணுவ ஜெனரல், 1923ல மந்திரி. இவனோவ்ஸ்கின்னு இன்னொரு வீடு, அதுல அண்ணன் தம்பிங்க மூணு பேரு மூணு தேசம், ஒருத்தர் போலந்துல மந்திரி, ஒருத்தர் பெலாரஸ் தேசிய இயக்கக்காரர், ஒருத்தர் லித்துவேனியாவுல பெரிய விலங்கியல் பேராசிரியர், கவுனாஸ்ல மிருகக்காட்சிசாலை ஆரம்பிச்சவர். ஒரே அம்மா வயித்துல பொறந்தவங்க சார். நான் எதச் சேந்தவன்னு அவங்கவங்க உக்காந்து முடிவு பண்ணியிருக்காங்க.

எல்லாத்துலயும் என் மனசுல நிக்கிறது நருதோவிச் அண்ணன் தம்பி. அண்ணன் ஸ்தானிஸ்லோவாஸ் 1918 பிப்ரவரி 16ல லித்துவேனியா சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவர். தம்பி கப்ரியேல் நருதோவிச் ஜூரிக்ல நீர்மின் நிலையம் கட்டுற இன்ஜினியரா, பேராசிரியரா இருந்தவர், போலந்து வந்து அதோட முதல் ஜனாதிபதி ஆனார். 1922 டிசம்பர் 9ல பார்லிமெண்ட் அவரத் தேர்ந்தெடுத்துச்சு. அவருக்கு விழுந்த ஓட்டுல யூதர், உக்ரைன்காரர், ஜெர்மன்காரர் எம்பிங்க ஓட்டும் இருந்துச்சு, அவ்வளவுதான் குத்தம், வலதுசாரிங்க "இவரு எங்க ஜனாதிபதி இல்ல, யூதங்க ஜனாதிபதி"ன்னு தெருவுல எறங்கிட்டாங்க. டிசம்பர் 16ல ஒரு ஓவியக் கண்காட்சிய பாக்கப் போனார், அங்க ஒரு ஓவியன் சுட்டுக் கொன்னுட்டான். பதவியேத்து அஞ்சு நாள். நாடு கெடைச்சு நாலு வருஷம்தான், அதுக்குள்ள போலந்துக்காரன்னா யாருங்கிற கேள்விக்கு துப்பாக்கி பதில் சொல்லிருச்சு.

அந்தக் கேள்விக்கு ரெண்டு பேர் ரெண்டு பதில் வச்சிருந்தாங்க. வில்னியஸ் பக்கத்துல பொறந்த பில்சுத்ஸ்கி பழைய கூட்டு நாடு மாதிரி லித்துவேனியா, உக்ரைனோட சேந்து இருக்கணும்னு ஆசப்பட்டார் (அவங்க ஆசப்பட்டாங்களான்னு கேக்கல, வில்னியஸ 1920ல படைய அனுப்பிப் புடிச்சது வேற கதை). வலதுசாரித் தலைவர், வார்சாக்காரர் த்மோவ்ஸ்கி, கத்தோலிக்கன், போலிஷ் பேசுறவன், அவனுக்குத்தான் நாடு, மத்தவனக் கரைச்சுரு, கரையாதவன்னு அவர் நெனச்ச யூதன வெளிய நிறுத்துன்னார். உங்க கட்டுரையாளர் தெரிஞ்சு எழுதுனாரோ தெரியாம எழுதுனாரோ, அந்த 'ஒரே' 'ஒரே' 'ஒரே' எல்லாம் த்மோவ்ஸ்கி கட்சிக்காரங்க கேட்டது. 1931 சென்சஸ எடுத்துப் பாருங்க, தாய்மொழி போலிஷ்னு சொன்னவங்க நூத்துக்கு 69 பேர்தான். மூணுல ஒருத்தன் வேற. அதுலயும் பொலேசியேங்கிற சதுப்புநில மாவட்டத்துல 7 லட்சம் பேர் உன் மொழி என்னன்னு கேட்டதுக்கு "இந்த ஊரு பேச்சு, நாங்க இங்கத்துக்காரங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சென்சஸ் ஆபீசருக்கும் வேற வழியில்ல, 'இங்கத்துக்காரங்க'ன்னே ஒரு கட்டம் போட்டு எழுதிக்கிட்டாரு.

அப்ப இன்னைக்கு போலந்து ஏன் ஒரே மாதிரி இருக்குன்னு கேப்பீங்க. அதுக்கு பதில் ரத்தத்துல இல்ல, ரத்தம் சிந்துனதுல இருக்கு. போருக்கு முன்ன 33 லட்சம் யூதர் இருந்தாங்க, 30 லட்சம் பேர ஜெர்மன்காரன் கொன்னான். ஸ்டாலின் கிழக்க பாதி நாட்ட எடுத்துக்கிட்டு மேற்க ஜெர்மன் நெலத்த குடுத்தான். அங்க இருந்த ஜெர்மன்காரங்கள வெளிய அனுப்புனாங்க, கிழக்க இருந்த போலந்துக்காரங்க ரயில் ஏறுனாங்க, 1947ல தென்கிழக்குல மிச்சம் இருந்த உக்ரைன்காரங்க ஒரு லட்சத்து நாப்பதாயிரம் பேர் வரைக்கும் பட்டாளத்த ஏவிக் கிளப்பி மேற்கயும் வடக்கயும் செதறடிச்சாங்க. த்மோவ்ஸ்கி 1939லயே செத்துட்டார், அவர் கேட்ட போலந்த ஹிட்லரும் ஸ்டாலினும் சேந்து செஞ்சு குடுத்தாங்க, அத கம்யூனிஸ்ட் சர்க்கார் சாதனைன்னு சொல்லிக்கிச்சு. இதப் போய் "ஒத்துமையா இருந்து தாங்குனாங்க"ன்னா எப்படி சார்?

எங்க வீட்டுக்காரப் பாட்டிக்கு வருவோம். அவங்க அப்பா அம்மா ல்வூஃப்காரங்க, இன்னைக்கு அது உக்ரைன்ல லிவிவ். 1946ல சரக்கு ரயில்ல மாடு ஒண்ணோட வந்து எறங்குனாங்களாம் வ்ரோத்ஸ்வாஃப்ல, 1945 வரைக்கும் அது ப்ரெஸ்லாவ், சுத்தமா ஜெர்மன் ஊரு. குடுத்த வீட்ல கொழாயில சுடுதண்ணி பச்சத்தண்ணின்னு ஜெர்மன்ல எழுதியிருந்துச்சு, நாங்க இருந்தப்பவும் மாடிப் பாத்ரூம்ல ஒரு கொழாய் அப்படியே இருந்துச்சு, நானே தெறந்து குளிச்சிருக்கேன். பாட்டியோட அப்பா ஒரு பெட்டிய கட்டியே வச்சிருந்தாராம், ஜெர்மன்காரன் திரும்ப வந்து வீட்டக் கேட்டா கெளம்பணும்ல. 1970ல மேற்கு ஜெர்மனி பிரதமர் வில்லி ப்ராண்ட் வார்சா வந்து எல்லைய ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டத ரேடியோவுல கேட்டப்பறம்தான் பெட்டியப் பிரிச்சாராம். சர்க்கார் என்னமோ இது 'மீட்கப்பட்ட நிலம்', ஆயிரம் வருஷத்துக்கு முன்ன நம்ம ராஜாவோடதுன்னு போஸ்டர் ஒட்டுச்சு. பாட்டி சிரிப்பாங்க, "ஆயிரம் வருஷத்துக்கு முன்ன நம்மளோடதா இருந்தா எங்கப்பா ஏன் பெட்டி கட்டி வச்சாரு"ன்னு.

அந்த ஊர் சந்தைச் சதுக்கத்துல ஃப்ரெத்ரோன்னு ஒரு நாடக ஆசிரியர் சிலை. அவருக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ல்வூஃப்ல இருந்த சிலை, தூக்கிட்டு வந்து 1956ல வச்சாங்க, பிரஷ்ய ராஜா குதிரைல உக்காந்திருந்த அதே எடத்துல. ரட்ஸ்வாவிட்செ சண்டைய வட்டமா சுத்தி வரைஞ்ச 114 மீட்டர் நீள ஓவியம் ஒண்ணு, அதுவும் ல்வூஃப்ல 1894ல வரைஞ்சது, சுருட்டி கொண்டு வந்தாங்க, ஆனா படத்துல அடி வாங்குறவன் ரஷ்யாக்காரன் ஆச்சே, அதனால 1985 வரைக்கும் நல்லபடியா தெறந்து காட்டவே இல்ல. நான் மூணு தடவ போயிருக்கேன். அரிவாளோட ஓடுற குடியானவங்களப் பாக்குறப்ப எனக்கு தார்னூஃப் வண்டிதான் ஞாபகம் வரும், என்ன பண்றது.

சாலிடாரிட்டி (1980கள்ல கம்யூனிஸ்ட் ஆட்சிய எதிர்த்த தொழிற்சங்கம்) பத்தி கட்டுரையில நல்லாவே இருந்துச்சு, அதுல சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா "இன்னைக்கு இந்தக் கேள்வியே அங்க இல்ல"ன்னு முடிச்சிருக்கீங்களே, அது தப்பு. 2021 சென்சஸ்ல கிட்டத்தட்ட 6 லட்சம் பேர் நாங்க சைலீசியாக்காரங்கன்னு (போலந்தோட தென்மேற்குப் பக்கம்) எழுதியிருக்காங்க, அதுல பாதிக்கு மேல கூடவே போலந்துக்காரன்னும் எழுதியிருக்காங்க. அவங்க பேச்ச பிராந்திய மொழின்னு ஒத்துக்க 2024ல பார்லிமெண்ட் சட்டம் போட்டுச்சு, ஜனாதிபதி தூதா வீட்டோ பண்ணிட்டார், இது தனி மொழி இல்ல, போலிஷோட வட்டார வழக்குதான்னு காரணம். வடக்க பால்டிக் கடலோரம் பேசுற காஷுபியனுக்கு மட்டும் 2005லயே அந்த அந்தஸ்து குடுத்துட்டாங்க. எது மொழி, எது வழக்குன்னு சண்ட இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

இப்ப மேப். கட்டுரைக்கு நடுவுல '1772க்கு முந்தைய போலந்து'ன்னு ஒரு படம் போட்டிருக்கீங்க. யாரோ இன்னைக்கு இருக்குற பார்டர அப்படியே கலர் அடிச்சுக் குடுத்துட்டாங்க. அதுல வ்ரோத்ஸ்வாஃப் உள்ள இருக்கு, வில்னியஸும் லிவிவும் மின்ஸ்க்கும் வெளிய இருக்கு. நெசத்துல தலைகீழ், 1772க்கு முன்ன அந்த மூணு ஊரும் உள்ள, வ்ரோத்ஸ்வாஃப் பிரஷ்யா ராஜாகிட்ட, அதுக்கும் நானூறு வருஷம் முன்னாடியே போலந்து கைய விட்டுப் போன ஊரு. ஸ்கூல் புள்ளைங்க வெட்டி ஒட்டி வைப்பாங்க சார், அடுத்த ஞாயித்துக்கிழமை சரியான மேப்ப போடுங்க.

இப்படிக்கு,
உங்க இருபது வருஷ வாசகன்,
திருச்சி.

பின்குறிப்பு: கவிஞர் மிச்கியேவிச் படத்துக்குக் கீழ 'வார்சா பெற்ற மகாகவி'ன்னு இருக்கு. அவரு பொறந்தது நவக்ருதோக் பக்கத்துல, இப்ப பெலாரஸ். வார்சாவுக்கு அவரு வாழ்நாள்ல போனதே இல்ல. அவரோட பெரிய காவியம் தாய்நாடேன்னு கூப்பிட்டு ஆரம்பிக்குது, கூப்பிடுறது லித்துவேனியாவ. போலந்துப் புள்ளைங்க அத மனப்பாடமா ஒப்பிக்கிறாங்க. அந்த வரியையும் திருத்திருங்க.